எம்பிஐ: மாறியின் முகவரியை இன்னொரு ரேங்குக்கு அனுப்பலாமா?

கெலுகோர்_பையன்
வணக்கம். பினாங்கில் முதுகலை படிக்கிறேன். துறையில் உள்ள சின்ன கிளஸ்டரில் ஒரு சி நிரலை ஓப்பன் எம்பிஐ (ப்ரோசஸ்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் நூலகம்) வைத்து ஓட்டுகிறேன். அதில் மற்ற ரேங்குகளுக்கு (சேர்ந்து ஓடும் ப்ரோசஸ்களுக்கு) அனுப்ப வேண்டிய ஒரு ஸ்ட்ரக்ட்: முதலில் இன்ட், அப்புறம் டபுள், கடைசியில் ஒரு கேர். முகவரிகளை அச்சிட்டுப் பார்த்தேன், குளோபலாக அறிவித்த மாறிக்கு எல்லா ரேங்கிலும் 404060 என்றே வருகிறது, மெயினுக்குள் இருப்பது மட்டும் ரேங்குக்கு ரேங்க் மாறுகிறது. குளோபலுக்கு முகவரி ஒன்றுதான் என்றால், ரேங்க் 0 எழுதியதை மற்ற ரேங்குகள் அங்கேயே படித்துவிட முடியாதா? இன்னொன்று, பழைய விரிவுரைக் குறிப்பில் மாறியின் முகவரியை எடுக்க இருக்கும் எம்பிஐ_அட்ரஸ் கம்பைலே ஆக மாட்டேன் என்கிறது.

செந்தூல்_அண்ணன்
முடியாது தம்பி. நீங்கள் பார்ப்பது மெய்நிகர் முகவரி, ஒவ்வொரு ப்ரோசஸுக்கும் தனித்தனி. எல்லா ஃப்ளாட்டிலும் 5-3-2 என்று ஒரு வீடு இருக்கும், அதற்காக எல்லாம் ஒரே வீடா? எண் ஒத்துப்போவதற்குக் காரணம், உங்கள் நிரல் நோ-பை முறையில் (எப்போதும் ஒரே முகவரியில் ஏறும்படி) கம்பைல் ஆகியிருக்கிறது, அதனால் குளோபல்கள் நிலையான இடத்தில் உட்காருகின்றன. ஸ்டாக்கை லினக்ஸ் ஒவ்வொரு ப்ரோசஸுக்கும் வேண்டுமென்றே இடம் மாற்றி வைக்கும், அதனால்தான் மெயினுக்குள் இருப்பது மாறுகிறது.

எம்பிஐ_அட்ரஸ் 1997-லேயே ஓரங்கட்டப்பட்டு, 2012-இல் எம்பிஐ 3.0 வந்தபோது நீக்கப்பட்டது. இப்போது எம்பிஐ_கெட்_அட்ரஸ். விடையை எம்பிஐ_ஏஇன்ட் வகையில்தான் வாங்க வேண்டும், சாதாரண இன்ட்டில் போட்டால் 64 பிட் முகவரியில் பாதி போய்விடும். ஃபோர்ட்ரான்காரர்களுக்கு எம்பிஐ_அட்ரஸ்_கைண்ட்.

உங்களுக்குத் தேவை முகவரி இல்லை, முகவரிகளுக்கு இடையே உள்ள தூரம். ஸ்ட்ரக்டின் தொடக்க முகவரியை எடுங்கள், ஒவ்வொரு உறுப்பின் முகவரியையும் எடுங்கள், எம்பிஐ_ஏஇன்ட்_டிஃப் வைத்துக் கழியுங்கள் (2015-இல் வந்த 3.1-இலிருந்து உண்டு). வழக்கமான 64 பிட் லினக்ஸில் 0, 8, 16 என்று வரும், கையால் 0, 4, 12 என்று போடாதீர்கள், இன்ட்டுக்குப் பின்னால் கம்பைலர் 4 பைட் இடைவெளி விடுகிறது. கடைசியிலும் 7 பைட் காலி, சைஸ்ஆஃப் 24. இந்தத் தூரங்களை, ஸ்ட்ரக்டின் அமைப்பை எம்பிஐக்கு ஒரு வகையாகச் சொல்லும் எம்பிஐ_டைப்_கிரியேட்_ஸ்ட்ரக்டுக்குக் கொடுங்கள். வரிசையாகப் பல ஸ்ட்ரக்ட் அனுப்புவதாக இருந்தால் எம்பிஐ_டைப்_கிரியேட்_ரீசைஸ்ட் வைத்து நீளத்தை சைஸ்ஆஃப் அளவுக்கே கட்டிவிடுங்கள், அனுப்பும் முன் அந்த வகையை எம்பிஐ_டைப்_கமிட் செய்ய மறக்க வேண்டாம். வெறும் சி என்றால் ஆஃப்செட்ஆஃப் இதே வேலையை ஒரே வரியில் முடிக்கும், நான் அதைத்தான் எழுதுவேன்.

பட்டர்வொர்த்_கயல்
அண்ணன் சொன்னது சரி, ஆனால் முகவரியை நிஜமாகவே அனுப்பும் இடம் ஒன்று உண்டு. எம்பிஐ_வின்_கிரியேட்_டைனமிக் (மற்ற ரேங்குகள் நேரடியாக எட்டும் நினைவகச் சாளரம்) பயன்படுத்தினால், நினைவகத்தை இணைத்த ரேங்க் தன் முகவரியை எம்பிஐ_கெட்_அட்ரஸில் எடுத்து எம்பிஐ_ஏஇன்ட் வகையிலேயே அனுப்பும், பெறுகிற ரேங்க் அதை புட் (எழுத), கெட் (படிக்க) அழைப்பில் இடப்பெயர்ச்சியாகக் கொடுக்கும். அங்கேயும் அதை பாயிண்டராக்கித் திறக்கக் கூடாது, திறந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்தான், அதிர்ஷ்டம் கெட்ட நாளில் அதுகூட வராமல் தப்பான எண் வரும்.

எல்லா ரேங்கும் ஒரே கணினியில் ஓடினால் எம்பிஐ_வின்_அலகேட்_ஷேர்ட் பாருங்கள். ஒரே நினைவகம்தான், ஆனாலும் ஒவ்வொரு ரேங்குக்கும் அது வேறு முகவரியில் தெரியலாம், எம்பிஐ_வின்_ஷேர்ட்_குவரியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெலுகோர்_பையன்
நன்றி அண்ணே, நன்றி அக்கா. அடுத்து இதை சி++-க்கு மாற்றச் சொல்கிறார்கள், ஸ்ட்ரக்டுக்குள் ஒரு வெக்டர் வரும். அதற்கும் இதே தூரக் கணக்கா?

செந்தூல்_அண்ணன்
வேண்டாம். ஸ்ட்ரக்டுக்குள் இருப்பது வெக்டரின் தலைப்பகுதி மட்டும், தரவு ஹீப்பில் வேறெங்கோ கிடக்கும், புஷ்_பேக் செய்யும்போது இடம்கூட மாறலாம். முதலில் நீளத்தை அனுப்புங்கள், பெறுகிற பக்கம் ரீசைஸ் செய்யட்டும், அப்புறம் டேட்டா() தரும் முகவரியிலிருந்து தனியாக ஒரு செண்ட்.