காருக்குப் போடும் பெட்ரோல் செலவை எலக்ட்ரிக் ஸ்கூட்டர் குறைக்குமா? திருமங்கலத்திலிருந்து ஒரு கணக்கு

திருமங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் குடியிருந்து மதுரை சிம்மக்கல்லில் வேலை பார்க்கும் எனக்குப் போகவர 42 கிலோமீட்டர் ஆகிறது. ஆறு ஆண்டுகளாகக் காரில்தான் போய்வந்தேன். பழங்காநத்தத்திலும் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ஊர்ந்தே போக வேண்டியிருப்பதால் லிட்டருக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் என் கார் கொடுத்ததில்லை. நாளொன்றுக்கு மூன்று லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 25 வேலை நாள்களுக்கு 7,575 ரூபாய்.

சென்ற மாசி மாதத்தில் 3 கிலோவாட் மணி (அதாவது 3 யூனிட்) பேட்டரி உள்ள எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றைப் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 1,25,000 ரூபாய்க்கு வாங்கினேன். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை யூனிட், மாதத்துக்கு ஏறத்தாழ 37 யூனிட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 300 ரூபாய்க்குள் முடிகிறது. கப்பலூர் சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தச் சாவடியைப் பற்றி எழுதத் தொடங்கினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிறுத்தத் தெரியாது. மாதம் 7,275 ரூபாய் மிச்சமாகிறது என்றால், பதினெட்டாவது மாதத்தில் வண்டியின் விலை கைக்குத் திரும்பிவிடுகிறது. காரில் தனியாக வேலைக்குப் போய்வரும் நண்பர்கள் இன்னும் ஏன் தயங்குகிறார்கள் என்பதே என் கேள்வி.

மாசிவீதிக்காரர்

ஐயா, உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எதை எதனோடு ஒப்பிட்டீர்கள் என்பதில்தான் எனக்கு மறுப்பு. ஒரே ஒரு ஆள் வேலைக்குப் போவதற்காக ஒரு டன் இரும்பை நகர்த்திக்கொண்டிருந்தீர்கள், அதை நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தின் பெரும்பகுதி அதனால் வந்ததே தவிர, மின்சாரத்தால் வந்ததன்று. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டரை எடுத்திருந்தால் உங்களுக்கு மாதம் 2,350 ரூபாய் ஆகியிருக்கும். அதாவது 5,225 ரூபாய் காரை விட்டு இறங்கியதற்கான பலன். மின்சாரத்துக்கென்று எஞ்சுவது 2,050 ரூபாய் மட்டுமே.

அதோடு, வாசலில் நிற்கும் காரும் சும்மா நிற்பதில்லை. இன்சூரன்ஸ் கட்டியாக வேண்டும், வாரக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் அதன் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும், ஆண்டுக்காண்டு அதன் மதிப்பும் குறையும். காரை விற்றுவிட்டு இந்தக் கணக்கை எழுதியிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன். ஸ்கூட்டரின் பேட்டரியை மாற்றும் நாளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

திருநகர் ஆசிரியை

இருவரும் ரூபாயிலேயே நிற்கிறீர்கள். திருமங்கலம் நான்குவழிச் சாலையில் காலை ஏழரை மணிக்கு லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவே இருசக்கர வண்டியில் போவதும், அதே சாலையில் காரில் பெல்ட் போட்டுக்கொண்டு போவதும் ஒன்றா? நானும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் வைத்திருக்கிறேன். ஆனால் திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் வரையில்தான் அதை ஓட்டுகிறேன். ஐப்பசி மழையில் கர்டர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? அன்றைக்குக் காரைத்தான் எடுப்பீர்கள். ஆண்டு முழுவதும் 25 நாள் என்று போட்ட கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

திருமங்கலத்தான்

அம்மா சொல்வது நியாயம். மழை நாள்களையும், என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாள்களையும் கழித்தால் மாதத்துக்கு 20 நாள் என்பதே சரியான எண்ணிக்கை. நான்குவழிச் சாலையில் இடது ஓரமாக 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல்தான் போகிறேன். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடி பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுகிறது என்பதால், இந்த நிதானம் உயிருக்கும் நல்லது, சார்ஜுக்கும் நல்லது. லாரி பயம் எனக்கும் உண்டு, அதை மறுக்கவில்லை.

மாசிவீதி அண்ணனுக்கு மட்டும் ஒரு பதில். காரை விட்டு இறங்கியதுதான் பெரும் மிச்சம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெட்ரோல் ஸ்கூட்டரும் இனாமாக வருவதில்லை. 1,05,000 ரூபாய்க்கு அதை வாங்கி மாதம் 5,225 ரூபாய் மிச்சப்படுத்தினால் விலை திரும்ப இருபது மாதங்களுக்கு மேலாகும். 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய என் வண்டி அதற்கு முன்பே விலையை மீட்டுவிடுகிறது. பேட்டரிக்காகக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனியே எடுத்துவைக்கிறேன். 25 நாள் கணக்கில் அது 1,050 ரூபாய். அதைக் கழித்த பின்னும் பெட்ரோல் வண்டியைவிட மாதம் ஆயிரம் ரூபாய் குறைவாகவே செலவாகிறது. பேட்டரிக்கு எடுத்துவைப்பதையும் சேர்த்தால் விலை திரும்ப இருபது மாதம் ஆகலாம் என்று என் முதல் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். மழை நாள்களையும் கழித்தால் இன்னும் சில மாதங்கள் தள்ளிப்போகும்.

ஒத்தக்கடை வயர்மேன்

தம்பி, யூனிட் 8 ரூபாய் என்று ஒரே விலையாகப் போட்டுவிட்டீர்கள். நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் அப்படி வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2025இல் இருந்த கட்டணப்படி சொல்கிறேன்: முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. ஒரே ஒரு யூனிட் 500ஐத் தாண்டினாலும் அந்த நூறு யூனிட்டுக்கான விலை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று மின்கணக்கு அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் 430 யூனிட் ஓட்டுகிறவராக இருந்தால், வண்டிக்கான 75 யூனிட்டைச் சேர்த்ததும் 505 ஆகிவிடும். அந்த ஐந்து யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஏசி போடும் சித்திரை வைகாசியில் இதைத் தவிர்க்கவே முடியாது. காருக்கான பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். ஆனாலும் கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்றைத் தொழில் முறையில் சொல்கிறேன். சார்ஜர் 800 வாட்தானே, மூன்றரை ஆம்பியர்தானே என்று பழைய 5 ஆம்பியர் பிளக் பாயின்ட்டிலேயே பலர் மாட்டிவிடுகிறார்கள். மிக்சி ஐந்து நிமிடம் ஓடும். இது தினமும் இரண்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே பிடிப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறும். முதலில் பிளக்கின் கால் பழுப்பேறும், பிறகு பிளாஸ்டிக் இளகும், கடைசியாகத்தான் வாடை வரும். சரியான எர்த் உள்ள 15 ஆம்பியர் பாயின்ட் ஒன்றை மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜ் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். 2022 டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டது உண்மைதான் என்றாலும், வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்குக்கு அந்த விதி காவல் இருக்காது.

மாசிவீதிக்காரர்

வயர்மேன் அண்ணன் சொன்னதைத்தான் நானும் கேட்கிறேன். ஊகத்தில் போட்ட 8 ரூபாய் எனக்கு வேண்டாம். வண்டி வாங்குவதற்கு முன் எடுத்த ரீடிங், பின் எடுத்த ரீடிங், கட்டிய தொகை ஆகிய மூன்றையும் அட்டையில் உள்ளபடி இங்கே எழுதுங்கள். அதுவரை, மாடிக் குடியிருப்பில் பார்க்கிங்கில் மின் இணைப்பே இல்லாத என்னைப் போன்றவனுக்குப் பெட்ரோல் ஸ்கூட்டரே போதும் என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

திருமங்கலத்தான்

அட்டையைத் தேடி எடுத்தேன். வண்டிக்கு முந்தைய கணக்கில் 412 யூனிட். அண்மைக் கணக்கில் 496. நான்கு யூனிட்டில் தப்பியிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. கட்டிய தொகை ரசீது மனைவியின் போனில் இருக்கிறது. இரவு பார்த்து எழுதுகிறேன்.

வயர்மேன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு கால் அடியில் பழுப்பேறித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தனி வயர் இழுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதுவரை காரில்தான் போகிறேன்.