பிச்சாவரத்துத் தேனில் கடுகுப் பூ

மஞ்சக்குப்பம், கடலூர்:

அப்பாவுக்குத் திரிகடுகு சூரணம் குழைத்துக் கொடுக்கத் தேன் தேவைப்பட்டது. சென்ற மாதம் தேவனாம்பட்டினம் போகும் வழியில் ஒருவர் சைக்கிளில் அலுமினிய அண்டாவை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அண்டாவில் ஒரு தேனடை மிதந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் சோதனை காட்டத் தொடங்கிவிட்டார். தண்ணீர்த் தம்ளரில் ஒரு சொட்டு விட்டார். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. தீக்குச்சியை நனைத்து உரசினார்; பற்றிக்கொண்டது. செய்தித்தாளில் ஒரு துளி வைத்தார், ஊறவில்லை. இரண்டு கிலோ வாங்கினேன்.

வீட்டில் அம்மா விரலில் தொட்டு நக்கிவிட்டு, "வெல்லப்பாகு வாசனை வருகிறதே" என்றார். எனக்கு நம்ப மனம் வரவில்லை. மறுநாள் வெல்லத்தைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி, ஆறவைத்து, அதே மூன்று சோதனைகளையும் அடுப்படியில் செய்து பார்த்தேன். மூன்றிலும் பாகு தேறிவிட்டது! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் காட்டியதெல்லாம் கெட்டித்தன்மைக்கான சோதனை. தேனுக்கான சோதனை இல்லை.

அந்த அடையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கறுத்துக் காய்ந்திருந்தது. ஓர் அறையில்கூட மெழுகு மூடி இல்லை. தேனீக்கள் எப்போதோ விட்டுப்போன வெற்று அடை அது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

நான் ஏமாந்தது வேறு விதம். எனக்குக் கிடைத்தது உண்மையான தேன்தான். அதன் ஊர்தான் பொய்.

கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். "பிச்சாவரம் அலையாத்திக் காட்டுத் தேன்" என்று அச்சிட்ட பாட்டில் ஒன்றை ஒரு கண்காட்சியில் வாங்கினேன். சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பழைய பெயரைக் கொடுத்த தில்லை மரம் அந்தச் சதுப்பு நிலத்தில் நிற்கிறது. அதன் பூவிலிருந்து வந்த தேன் என்றால் விலையைப் பற்றி யோசிப்பேனா? ஆனால் சில வாரங்களிலேயே பாட்டில் முழுவதும் வெண்ணெய் போல வெள்ளையாக உறைந்துவிட்டது. அதுதான் என்னை உறுத்தியது.

பழைய மாணவி ஒருத்தியின் உதவியோடு கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். பத்து கிராம் தேனை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, அடியில் தங்கிய துளி வண்டலைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் வைத்தோம். வெண்கண்டல், சுரபுன்னை, தில்லை ஆகிய அலையாத்தி மரங்களின் மகரந்தத்தைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. படகு வடிவத்தில் இருக்கும் தென்னை மகரந்தமும் இல்லை. கடலோரத்துத் தேனில் தென்னை இல்லாமல் போகுமா? கண்ணில் பட்டதெல்லாம் மூன்று பள்ளங்களும் வலை போட்ட மேற்பரப்பும் கொண்ட கடுகுக் குடும்ப மகரந்தம். கடலூர் மாவட்டத்தில் யார் வயல் வயலாகக் கடுகு விதைக்கிறார்கள்? வட இந்தியக் கடுகு வயல்களில் எடுத்த தேன் அது. கடுகுத் தேன் சீக்கிரம் உறையும் என்பதும் இதோடு பொருந்திப் போனது.

செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மகரந்தத் தகடுகளின் பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. மாணவியாக இருந்தபோது அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு துளித் தேனுக்குள் ஒரு காட்டின் முகவரியே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மிக நுண்ணிய வடிகட்டியில் அழுத்தி வடித்தால் மகரந்தம் முழுவதும் போய்விடும். மகரந்தமே இல்லாத தேனைக் கண்டால் எனக்கு இன்னும் அதிகச் சந்தேகம் வரும்.

நெல்லிக்குப்பம் (இப்போது சென்னை):

தனியார் உணவு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும் விதத்தில் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் வழி வேறு; தேனீ தேடிப் போகும் பூச்செடிகளில் பெரும்பாலானவற்றின் வழி வேறு. அதனால் அவற்றின் சர்க்கரையில் கனமான கார்பனும் லேசான கார்பனும் கலந்திருக்கும் விகிதமும் வேறு. தேனில் கரும்புப் பாகைக் கலந்தால், அந்த விகிதத்தை அளக்கும் கார்பன் ஐசோடோப்பு சோதனை காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சக்குப்பம் ஐயா வாங்கியதெல்லாம் அதில் நிமிடமும் நிற்காது. நெல்லோ பூச்செடிகளின் பக்கம். அரிசிப் பாகைக் கலந்தால் இந்தச் சோதனையின் கண்ணில் படாது. அதற்குத் தனிச் சோதனைகள் வேண்டும்.

டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்து வெளியிட்ட முடிவு நினைவிருக்கலாம். தேனில் உள்ள பொருட்களைக் காந்தப்புலத்தில் வைத்து ஆராயும், ஜெர்மனியில் செய்த என்எம்ஆர் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை 3 மட்டுமே.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். "சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பண்ருட்டி அருகே ஒரு கிராமம்:

முந்திரித் தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். லாஸ்பேட்டை அம்மா உறைந்த தேனைப் பற்றி எழுதியதைப் படித்ததும் மனம் கனத்தது. அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் உறைந்தாலே சர்க்கரை என்று நினைப்பவர்கள் என் பாட்டிலையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் நல்ல தேனும் உறையும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் மட்டும் நேராக ஏற்றாதீர்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் பணமுடை. ஈரம் வற்றி, அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடும் வரை பொறுக்காமல் அடையைச் சுழற்றித் தேன் எடுத்துவிட்டேன். ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பார்த்தபோது ஈரம் 23 சதவீதம். விதி அனுமதிப்பது 20. அது தெரிந்தும் விற்றேன். இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளித்து, ஒரு வீட்டில் பாட்டில் மூடியே தெறித்தது. வாங்கிய அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கலப்படம் துளியும் இல்லைதான். ஆனாலும் அதை நல்ல தேன் என்று என் வாயால் சொல்ல முடியாது.

"சவுக்குத் தேன்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சவுக்குத் தோப்பில் கூடு இருக்கலாம். சவுக்கு காற்றில் மகரந்தம் பரப்பும் மரம், அதன் பூவில் தேன் கிடையாது.

மஞ்சக்குப்பம், கடலூர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அதே இடத்தில் அதே அண்டாவைப் பார்த்தேன். கால் கிலோ கேட்டேன். அவர் ஊற்றத் தொடங்கியதும், பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னேன். ஊற்றிய தேனை அண்டாவிலேயே திருப்பிக் கவிழ்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பண்ருட்டி அண்ணா, மாசியில் அடை சுழற்றும் நாளைச் சொல்லுங்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். மூடிய அறைகளை அவரும் ஒருமுறை பார்க்கட்டும்.