சோட்டா சேத்தன் 3டி: கேபினிலும் கண்ணாடியிலும் சறுக்கும் இடங்கள்

கேரளத்துக் குட்டிச்சாத்தான் கதைகளை வைத்து ஜிஜோ புன்னூஸ் இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-ல் வந்தது. இந்தியாவின் முதல் 3டி படம். ஊர்மிளா மதோண்ட்கர் வரும் காட்சிகளைச் சேர்த்து 1998-ல் இந்தியில் 'சோட்டா சேத்தன்' என்று வெளியானது. மந்திரவாதியிடம் சிக்கிய குட்டிச்சாத்தான் குழந்தைகளோடு சிநேகமாகிற கதை. சின்னப் பிள்ளைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்கிற படம் இது. அந்த மாயம் பாதி, புரொஜெக்டர் ஓடும் கேபினில்தான் இருக்கிறது.

பிலிம் பிரிண்டின் ஓரத்தில் ஒரு பிரேமுக்கு நாலு துளை. மேல் இரண்டு துளை உயரத்துக்கு ஒரு கண்ணின் படம், கீழ் இரண்டுக்கு மறு கண்ணின் படம். ரீல் அறுந்தால் நாலு நாலு துளையாகத்தான் வெட்ட வேண்டும். இரண்டு துளை தப்பி ஒட்டினால் இடது வலது மாறிவிடும்: முன்னால் நிற்பவர் பின்னால் போவார், பார்ப்பவருக்குத் தலை வலிக்கும். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் திரையில் எப்போதும் போல இரட்டை உருவம்தான் தெரியும். அதனால் ஆபரேட்டருக்குத் தப்பு நடந்ததே தெரியாது. ஒவ்வொரு ஒட்டு தாண்டும்போதும் கண்ணாடி போட்டுத் திரையைப் பாருங்கள்.

——

மேலே பிரிண்டைப் பற்றிச் சொன்னதோடு திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணுக்குமான வெளிச்சத்தை வெவ்வேறு திசையில் அதிர வைத்துப் பிரிப்பதுதான் போலரைசேஷன்; வெறும் வெள்ளைத் திரை அதைக் கலைத்துவிடும். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமும் போய், நிழல் போல இன்னொரு உருவம் (பேய் உருவம்) விழும். அலுமினியம் பூசிய சில்வர் ஸ்கிரீன் கட்டாயம். அதிலும் ஓர இருக்கைக்கு வெளிச்சம் குறையும். குழந்தைகளை நடுவில் உட்கார வையுங்கள். முன் வரிசையில் கண் சீக்கிரம் களைக்கும். லென்ஸ் முன்னால் இருக்கும் போலராய்டு தகடு விளக்குச் சூட்டில் வெளுத்துப்போகும், அதற்கு ஃபேன் காற்று படுகிறதா என்று பாருங்கள்.

——

கண்ணாடி விஷயம். படம் ஓடிய காலத்தில் இதனால் மெட்ராஸ் ஐ பரவுகிறது என்று புரளி கிளம்ப, ஒவ்வொரு காட்சிக்கும் கழுவித்தான் தருகிறோம் என்று நடிகர்களையே பேச வைத்து ஒரு சிறு படம் போட்டார்கள். தமிழில் ரஜினிகாந்த், இந்தியில் அமிதாப் பச்சன், ஜீதேந்திரா.

கழுவ வெந்நீர் கூடாது, ஓரத்தில் தகடு பிரிந்துவிடும். ஸ்பிரிட் போட்டால் மங்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

கண்ணாடியைச் சோதிக்க: இரண்டு கண்ணாடிகளை ஒரே பக்கம் பார்க்கும்படி ஒன்றின் பின் ஒன்றாகப் பிடியுங்கள். ஒன்றின் இடது, மற்றதன் வலதை மறைக்கும்படி நகர்த்தினால் கறுத்துவிட வேண்டும். இடதும் இடதும் சேர்ந்தால் தெளிவாகத் தெரிய வேண்டும். கறுக்காதது கெட்டுப்போனது, ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று. அம்மா தோளில் சாய்ந்து பார்க்கிற பிள்ளைக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். தகடுகள் 45 டிகிரி சாய்வில் இருப்பதால் தலை சாய்ந்தால் படங்கள் கலந்துவிடும். "கண்ணாடி சரியில்லை" என்று வரும் புகாரில் பல இதுதான். மாற்றிக் கொடுப்பதற்கு முன் பிள்ளையை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

——

குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கிற பாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை. அறையையே சுழலும் செட்டாகக் கட்டி, கேமராவை அதோடு பிணைத்துவிட்டார்கள். அறையும் கேமராவும் சேர்ந்தே சுற்றுவதால் அறை அசையாமல் நிற்பதாகத் தோன்றும். பாவாடையும் தலைமுடியும் எந்தப் பக்கம் தொங்குகின்றன என்று கவனியுங்கள், உண்மையான தரை எது என்று பிடிபட்டுவிடும்.