ஆக்டோபஸ் கார்டு: மகளுக்குப் பெயர் போட்ட கார்டு மட்டும் போதுமா?

வெண்தாமரை:
ஹாங்காங்கில் இருக்கிறோம். இங்கே ரயில், பஸ், கடை எல்லாவற்றுக்கும் பணம் ஏற்றித் தட்டுகிற கார்டுதான் ஆக்டோபஸ். மகளுக்கு 12 வயது. எம்டிஆர் மெட்ரோ ரயிலில் மாணவர் கட்டணம் கிட்டத்தட்ட பாதிதான். அதற்குப் பெயரும் படமும் உள்ள கார்டு வேண்டும், எடுத்துவிட்டோம். நேற்று மிச்சப் பணம் பார்க்க ஸ்டேஷன் மெஷினில் வைத்தேன். கடைசி 10 செலவும் திரையில் வந்தது. ரயில், மினிபஸ், கடை, மறுபடி ரயில். அவள் டைரியைக் கேட்காமல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. சட்டென்று கார்டை எடுத்துவிட்டேன். எனக்கே 10 வரி என்றால் கம்பெனியிடம் எத்தனை இருக்கும்? கடைச் செலவுக்காவது பெயரில்லாத கார்டு வாங்கித் தரலாமா?

பழையடிக்கெட்:
வாங்கிக் கொடுங்கள் அக்கா. 150 டாலர் கேட்பார்கள்: 50 டெபாசிட், மீதி 100 செலவுக்கு. பெயர் கேட்க மாட்டார்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். கடைச் செலவுக்குப் புள்ளி தரும் சலுகைத் திட்டத்தில் சேர்ந்த ஏறக்குறைய 20 லட்சம் பேரின் விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்து, ஆக்டோபஸ் நிறுவனம் 4.4 கோடி ஹாங்காங் டாலர் வாங்கியது 2010-இல் வெளியே வந்தது. முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். தலைமை அதிகாரி பதவி விலகினார். அப்புறம்தான் தனிநபர் விவரங்களுக்கான சட்டத்தை இறுக்கினார்கள்.

2019-இல் ஹாங்காங்கில் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டத்தின்போது, போன இடம் பதிவாகிவிடக் கூடாதென்று, கையில் கார்டு இருந்தும் ஒற்றைப் பயண டிக்கெட்டுக்கு நீள வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். அடுத்து வருகிறவர்களுக்காக யாரோ மெஷின் மேல் சில்லறையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

நாலுபுள்ளி:
பெயர் இல்லாவிட்டாலும் கார்டுக்கு நம்பர் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தட்டினால் அந்த நம்பரே ஆளைக் காட்டிவிடும். 15 லட்சம் பேரின் கைபேசித் தடங்களை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த 4 புள்ளிகளே 95% பேரைத் தனியாகப் பிரித்துக்காட்டப் போதுமானதாக இருந்தன. அதனால் அந்தக் கார்டை ஆப்பில் சேர்க்காதீர்கள், வங்கிக் கணக்கோடு இணைக்காதீர்கள், ரொக்கமாகவே பணம் ஏற்றுங்கள். ஒன்று மட்டும்: தொலைந்தால் உள்ளே இருக்கும் பணமும் போய்விடும்.

வெண்தாமரை:
இருவருக்கும் நன்றி. இன்று வாங்கிவிட்டேன். மெஷினில் பார்த்ததையும் அவளிடம் சொன்னேன். "எவ்வளவு பார்த்தீங்கம்மா?" என்று கேட்டாள். முதல் மூன்று வரி என்றேன். புதுக் கார்டை வாங்கித் தன் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.