இழை: 'டானிஷ்ட' என்பதற்குத் தமிழ் என்ன? (பட்டத்து இளவரசர் வேண்டாம்)

குழுவினர்க்கு வணக்கம்.

பதினாறாம் நூற்றாண்டு அயர்லாந்தை வைத்து ஒரு வரலாற்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி இனீன் டூவ். 'கறுப்பு மகள்' என்று பொருள்படும் பட்டப்பெயர் அது. இயற்பெயர் ஃபின்னுவாலா மெக்டானல்ட். ஸ்காட்லாந்தின் தீவுக் குடி ஒன்றில் பிறந்து, 1569-இல் டிர்கொன்னல் தலைவர் ஹியூ ஓ'டானலுக்கு வாழ்க்கைப்பட்டவள். இன்றைய டொனகால் பகுதிதான் டிர்கொன்னல். சீதனமாக வந்தது பாத்திரம் பண்டம் இல்லை, படை.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில். அங்கே தலைவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு அடுத்து யார் என்று குடியில் பேசி முடிவுசெய்து வைப்பார்கள். அப்படி முடிவானவர் 'டானிஷ்ட'. மூத்த மகன் என்ற கணக்கெல்லாம் கிடையாது. தலைவரின் தம்பி வரலாம், சித்தப்பா மகன் வரலாம். சட்டநூல்களின்படி ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழியில் வந்த யாரும் கேட்கலாம்.

முதல் வரைவில் 'பட்டத்து இளவரசர்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த தோழி ஒரு வரிதான் எழுதினாள்: "உன் ஆள் கைகேயி மாதிரி இருக்கிறாளே!"

அப்போதுதான் உறைத்தது. கதை இப்படிப் போகிறது. 1587-இல் இவளுடைய மகனை, பதினைந்து வயதுப் பையன், ரத்மல்லன் கரையில் நின்ற கப்பலுக்கு மது அருந்த வரச்சொல்லி, ஏறியதும் டப்ளின் கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள் ஆங்கிலேயர்கள். அப்பா பேரே இவனுக்கும். செம்பட்டை முடியால் சிவப்பு ஹியூ. கணவருக்கோ தள்ளாமை. மகன் திரும்பும்வரை அந்த இடத்தில் இன்னொருவன் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1588-இல் போட்டிக்கு நின்ற உறவினர் ஒருவரைத் தன் ஸ்காட் வீரர்களை ஏவிக் கொல்கிறாள். 1590 செப்டம்பரில் கணவரின் மூத்த மகன் டோனல், வேறொருத்தி வயிற்றுப் பிள்ளை, தகப்பனையே தள்ளிவிட்டுத் தலைமையைப் பிடிக்கக் கிளம்புகிறான். டோயர் லாஹனில் இவள் திரட்டிய படையோடு மோதிச் சாகிறான்.

'பட்டத்து இளவரசர்' என்று எழுதிவிட்டால் வாசகர் டோனல் பக்கம் சாய்ந்துவிடுவார். மூத்தவன் இருக்க இளையவனுக்கு முடி கேட்டவளை நமக்குத் தெரியாதா? ஆனால் மூத்தவன் என்பதற்காக அந்த ஊரில் அவனுக்குத் தனி உரிமை ஒன்றும் இல்லை. அவள் யாருடையதையும் பறிக்கவில்லை. போட்டியில் இறங்கினாள். ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே சிந்தியது, அதை நான் மறைக்கப்போவதும் இல்லை.

சொல் ஒன்று தாருங்கள்.

— சென்னையிலிருந்து

*

அன்புள்ள அம்மா,

> ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழியில் வந்த யாரும்

இவர்களுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே, தாயாதிகள். 'பங்காளி'யும் சொல்லலாம்தான், இப்போது கல்லூரிப் பையன்கள் டீக்கடையில் நண்பனைக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது.

தாயாதிக்குள் இருக்கும் 'தாயம்' பழஞ்சொல். வழிவழி வரும் உரிமை என்று பொருள். பட்டினப்பாலையில் கரிகாலன் ஆட்சிக்கு வந்ததை 'உருகெழு தாயம் ஊழின் எய்தி' என்கிறார் புலவர். அதற்கு முந்திய அடிகளையும் எடுத்துப் பாருங்கள். கூட்டுக்குள் வளர்ந்த புலிக்குட்டிபோல் பகைவர் சிறையில் இருந்து உரம் ஏறி, காவலைக் கடந்து வெளியே வந்து, பிறகுதான் தாயம் எய்துகிறான். உங்கள் சிவப்பு ஹியூ சிறையிலிருந்து தப்பினானா இல்லையா?

முறைக்குத் 'தாயத்தேர்வு', ஆளுக்குத் 'தாயத்தேர்வர்' என்று வைக்கலாம்.

— பாளையங்கோட்டையிலிருந்து

*

ஐயா, தப்பினான்! படித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். முதல் முயற்சியில் பிடிபட்டான். 1592 ஜனவரியில் மறுபடி வெளியே வந்து விக்லோ மலைப் பனியில் நடந்தான். கூட வந்த ஆர்ட் ஓ'நீல் குளிரிலேயே இறந்துபோனான். இவனுக்குப் பனியில் அழுகி இரண்டு கால் பெருவிரலும் போயின. கரிகாலனுக்கு நெருப்பு என்று கதை சொல்வார்கள், இவனுக்குப் பனி. அந்த ஆண்டே தகப்பன் ஒதுங்கிக்கொள்ள, கில்மக்ரெனனில் தலைவன் ஆனான்.

'தாயத்தேர்வு' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'தாய் அந்தத் தேர்வு' என்று யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ? என் கதையில் அதுவும் பொருந்தித் தொலைக்கும்.

*

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம். சட்டம் படித்தவன் என்பதால் நடுவே புகுகிறேன்.

'தாயத்தேர்வு முறை' சட்டத்தமிழுக்கும் உதவும். ஏனென்றால் அந்த வழக்கத்தை ஆங்கில நீதிமன்றம் 1608-இல் ஒரு வழக்கில் வைத்தே ஒழித்தது. கார்க் வட்டாரத்து ஓ'கேலகன் குடியின் நிலத்தகராறு அது. யாருக்குப் போகும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாத உரிமை சட்டத்தில் நிற்காது என்றார்கள். குடி கூடித் தெரிந்தெடுப்பதை நிச்சயமின்மை என்று ஒரே அடியில் தள்ளிவிட்டார்கள். நமக்குப் படிக்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த நிச்சயமின்மையால் தலைமுறைக்குத் தலைமுறை தாயாதிகள் வெட்டிக்கொண்டதும் பொய்யில்லை.

'தாயத்தேர்வர்' மட்டும் வேண்டாம் ஐயா. 'தேர்வர்களுக்கான அறிவுரைகள்: நுழைவுச்சீட்டு இன்றி அனுமதி இல்லை' என்று தேர்வு வாரியம் தினமும் அச்சடிக்கிறது. கோடரியோடு நிற்கும் ஓ'டானலை யாரும் ஹால்டிக்கெட்டோடு கற்பனை செய்யக்கூடாது.

'துணைத்தலைவர்' போதாதா? இன்றைய அயர்லாந்தில் துணைப் பிரதமரின் பதவிப்பெயரே 'டானிஷ்ட'தானே, 1937 அரசமைப்பிலேயே இருக்கிறது.

*

> துணைத்தலைவர் போதாதா?

தம்பி, செய்தித்தாளுக்குப் போதும். நாவலுக்குப் போதாது. துணைத்தலைவர் என்றதும் ஊராட்சி மன்றம் கண்ணில் வருகிறது. 'இளந்தலைவர்' போட்டுப் பார்த்தேன், ஃப்ளெக்ஸ் பேனர் வருகிறது. 'இளங்கோ'வைத்தான் ஒரு வாரம் வைத்திருந்தேன். அரசனின் தம்பிக்கும் அது பொருந்தும் என்பதால் ஆசை. ஆனால் படிப்பவர்கள் அதை ஆள் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'யார் இந்த இளங்கோ, திடீரென்று டொனகாலில்?'

மூலச்சொல்லுக்கு 'இரண்டாமவர்', 'அடுத்தவர்' என்றுதான் பொருள். தமிழில் 'அடுத்தவர்' என்றால் நமக்குச் சம்பந்தமில்லாதவர்! அதுவும் போச்சு.

ஒரு காட்சி சொல்கிறேன், அதிலிருந்து ஏதாவது தோன்றுகிறதா பாருங்கள். 1590-களில் அயர்லாந்தில் இருந்த ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் எழுதிவைத்திருக்கிறார். தலைவர் பதவியேற்கும்போது அதற்கென்றே இருக்கும் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று உறுதிமொழி எடுப்பார். டானிஷ்ட ஆகிறவரும் அதே கல், அதே உறுதிமொழி. ஆனால் அவர் ஒரு காலை மட்டும்தான் கல்லில் வைப்பார். மற்றக் கால் தரையில்.

இதை எழுதும்போதெல்லாம் எனக்கு அவள்தான் ஒற்றைக்காலில் நிற்பதுபோல் தோன்றும். 'என் பிள்ளைக்குத்தான்' என்று மகன் சிறையில் இருந்த நாலு சொச்சம் வருடமும் ஒற்றைக்காலில் நின்றவள். அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகள் அவளை விவிலியத்தில் வரும் மக்கபேயரின் தாய்க்கு ஒப்பிடுகின்றன. பெண்ணின் சிந்தையோடு ஆணின் நெஞ்சைச் சேர்த்தவளாம். எழுதியவர்கள் ஆண்கள், விடுங்கள்.

*

குடவோலை இளவரசர்? 😀

(சும்மா சொன்னேன், அடிக்க வராதீர்கள்.)

*

அன்புள்ள அம்மா,

ஒரு கால் கல்லில், ஒரு கால் தரையில் என்றீர்கள். இரவெல்லாம் அதே நினைவு. முழுதும் வந்துவிடவில்லை, வந்துகொண்டிருக்கிறார். நீங்கள் கேட்பது அவரைத்தானே?

வருதலைவர் என்று சொல்லிப் பாருங்கள்.

வினைத்தொகை. ஊறுகாய், குடிநீர், வருபுனல் போல. வந்த, வருகிற, வரும் மூன்றும் உள்ளே ஒடுங்கியிருக்கின்றன. மகன் என்றும் சொல்லவில்லை, மூத்தவன் என்றும் சொல்லவில்லை. பெண்ணுக்கும் பொருந்தும், உங்கள் கதையில் தேவைப்படாவிட்டாலும்.

முறைக்குத் தாயத்தேர்வு, ஆளுக்கு வருதலைவர். இரண்டையும் ஒரே வேரிலிருந்து எடுக்க வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். தேவையில்லை. தேர்தல், வேட்பாளர் இரண்டும் ஒரு வேரா?

*

ஐயா, 'வருதலைவர்' கேட்டதும் சரி என்று பட்டது. வாயில் ஓடுகிறது, உரையாடலில் வைக்க முடிகிறது. இப்படி மாற்றியிருக்கிறேன்:

"டோனல் உங்கள் மூத்த பிள்ளைதான்," என்றாள். "அவன் வருதலைவன் என்று யார் சொன்னது? எந்தக் கல் அவன் காலைக் கண்டது?"

தோழிக்கு அனுப்பினேன். கைகேயி பேச்சே வரவில்லை. 'அவன் ஏன் கல்லில் கால் வைக்கவில்லை?' என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

போகிற போக்கில் இன்னும் இரண்டு. மாடு கவரும் படையெடுப்பு அங்கே வருடம் தவறாத வேலை. அதற்கு 'ஆகோள்' வைத்துவிட்டேன், புலிமான்கோம்பை நடுகல்லிலேயே இருக்கும் சொல், விவாதம் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்திலிருந்து கோடைக்கு மட்டும் வந்து கூலிக்குச் சண்டை போட்டவர்களை 'கூலிப்படை' என்றால் மாலைச் செய்தித்தாள் கொலைக் கும்பல் ஆகிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே வெறுங்காலாகக் குளிரில் சிவந்து நடந்தவர்கள் என்பதால் ஆங்கிலத்தில் காலை வைத்தே 'ரெட்ஷாங்க்' என்று பெயர். 'செங்கால் படை' என்றால் நாரை நினைவு வருமா?

*

வரட்டும் அம்மா, கெட்டுப்போகாது. ஆங்கிலத்திலும் அந்தப் பெயரில் ஒரு நீர்ப்பறவை உண்டு.

ஒன்று மட்டும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அச்சகத்தில் 'வருத்தலைவர்' என்று த் போட்டுவிடப் போகிறார்கள். மெய்ப்புப் பார்க்கும்போது நீங்களே ஒருமுறை தேடிவிடுங்கள்.

— பாளையங்கோட்டையிலிருந்து