மொன்டானா பக்கம் குதிரையேறி மாடு ஓட்டப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநிலப் பண்ணைகளில் ஒரு நாள் மந்தை ஓட்டப் போகிறீர்களா? முதலில் சேணத்தின் வயிற்று வாரைப் பாருங்கள். இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலு எட்டு நடந்தால் வார் தொளதொளத்துவிடும். அதனால் இறுக்கி, கொஞ்சம் நடத்தி, மறுபடி இறுக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். இதை விட்டால் சரிவில் சேணம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். அங்கவடியில், அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்தில், பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். முழுக்கச் செருகிய கால், விழும்போது மாட்டிக்கொள்ளும். குதிகால் உள்ள பூட்ஸ் இதற்குத்தான்.

மாட்டை நகர்த்தக் கத்த வேண்டாம், நீங்கள் நிற்கிற இடமே போதும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்குள் நுழைந்தால் விலகும், வெளியே வந்தால் நிற்கும். தோளுக்குப் பின்புறமாக நெருங்கினால் முன்னே போகும்; தோளைத் தாண்டினால் நின்றுவிடும், இல்லையென்றால் திரும்பும். நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. அங்கேயே ஒட்டிக்கொண்டு போனால் யாரென்று பார்க்கத் திரும்பும், பின்னால் வருவதெல்லாம் கலையும். ஆகவே மந்தைக்குப் பின்னால் இடமும் வலமுமாகக் குறுக்கே போய்வர வேண்டும். மாடுகளைப் பதற்றமில்லாமல் ஓட்டக் கற்றுத்தந்த பட் வில்லியம்ஸ் பரப்பிய முறை இது.

புதியவர்களைப் பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் விடுவார்கள். புழுதி முழுக்க உங்களுக்கே, மூக்கை மூடத் துணி கொண்டுபோங்கள். ஆனால் கன்றுகள் இருப்பதும் அங்கேதான். தாயைத் தவறவிட்ட கன்று, கடைசியாகப் பால் குடித்த இடத்துக்கே திரும்பி ஓடும். அதைத் துரத்தினால் வேலிக்குள் புகுந்துவிடும். அகலமாகச் சுற்றி அதற்கு முன்னால் போய் நிற்பதுதான் வழி. மந்தையின் வேகம் கடைசிக் கன்றின் வேகம். புது மேய்ச்சல் நிலம் வந்ததும் வேலை முடிந்ததென்று கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கன்றும் தன் தாயைக் கண்டுபிடித்து மடியில் வாய் வைக்கும்வரை மந்தையை அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கன்றைத் தேடிப் பழைய இடத்துக்கே தாய் போகும், மறுநாள் எல்லாம் முதலிலிருந்து.

*

மேலே சொன்னதோடு, கயிறு. மாட்டை வீசிப் பிடித்த கயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் (முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழில்) சுற்றும்போது கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே சிக்கினால் விரல் துண்டாகிவிடும். அப்படி இழந்தவர்கள் அந்தத் தொழிலில் நிறையப் பேர். முதல் நாள் விருந்தினர் கையில் கயிறு கொடுக்கிற பண்ணையென்றால், வேறு பண்ணை பாருங்கள்.