ஸ்கீ முகாமுக்குத் தோள்பட்டி வைத்த காற்சட்டை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் சுவிஸில் பேர்ண் பக்கம் இருக்கிறோம். 11 வயது மகள் பெப்ரவரியில் பள்ளிக்கூடத்தோடு ஒரு கிழமை அடெல்போடனுக்கு ஸ்கீ முகாம் போகிறாள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஸ்கீ செய்ததில்லை.

தோள்பட்டி வைத்த, பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டைதான் வாங்க நினைக்கிறேன். பழகும் பிள்ளை விழுந்து விழுந்துதான் எழும்பும். இடுப்போடு நிற்கும் காற்சட்டை என்றால் முதுகுப் பக்கத்தால் பனி உள்ளே போய்விடும். பட்டியை நீட்டலாம் என்பதால் அடுத்த வருடமும் உதவும். ஆனால் கழிப்பறைக்குப் போகும்போது ஜாக்கெட்டையும் கழற்ற வேண்டுமே, அதுதான் யோசனை. பக்கத்தில் நீளமாக ஜிப் வைத்ததைப் பெண்பிள்ளைகள் தனியாகச் சமாளிக்கிறார்களா?

அப்புறம், தண்ணீர் புகாத அளவு, அதாவது எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது. 5,000 மில்லிமீட்டரும் இருக்கிறது, 10,000, 20,000 என்றும் இருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. பஞ்சு தடிப்பாக இருந்தால் போதும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஈரப் பனியில் மணிக்கணக்காகக் கிடந்து பஞ்சு நனைந்துவிட்டால் சூடு எங்கே நிற்கும்? 10,000 வாங்கினால், தையல்களுக்கு உள்ளே டேப் ஒட்டியிருந்தால், ஒரு கிழமைக்குத் தாங்குமா?

உங்கள் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன 152 அளவு (152 செ.மீ. உயரத்துக்கானது) காற்சட்டை இருந்தால் காசு தந்து வாங்கிக்கொள்கிறேன். ஸ்கீ சப்பாத்துக்கு மேலே இழுத்துவிடும் உள் எலாஸ்டிக் கிழியாமல் இருக்க வேண்டும். நிறம் எதுவானாலும் சரி. துன், பீல் பக்கம் என்றால் நானே வந்து எடுப்பேன்.